கலியன் சந்தா கட்டிய மீன்

எங்கள் குப்பத்தில் கலியனைப் போல் ஆப்களுக்கு மார்க் போடுகிறவன் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். பாட்டு ஆப் சுத்த தண்டம், விளம்பரத்துக்கு நடுவில்தான் பாட்டே வருகிறது. படம் பார்க்கிற ஆப் பரவாயில்லை, ஆனால் மாசாமாசம் கேட்காமலே காசை உருவிக்கொள்கிறது. "ஓசில குடுக்கறவன் நம்மள வித்துக்கினு இருக்கான். காசு கட்டுனாத்தான்டா அவனுக்குப் பயம் இருக்கும்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு கிரிக்கெட் ஆப்புக்குக் கட்டித் தொலைத்தேனே! பக்கத்து வீட்டில் கத்தி ஓய்ந்த பிறகுதான் என் போனில் சிக்சர் பறக்கும்.

போன தை மாதம், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினான். அவன் பெண்டாட்டி குப்பம்மாள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இன்னாய்யா, மீனுங்கோ எல்லாம் போன் வச்சிக்கினு இருக்குதா?"

"சும்மா இரு. மேலேர்ந்து சாட்டிலைட்டு பாக்குது."

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். அந்த வார வெள்ளிக்கிழமை கலியனுக்குத் தெற்குப் பாடு, குப்பம்மாளின் தம்பி அன்புசெல்வனுக்கு வடக்குப் பாடு. ஆப்பைத் திறந்தால் வடக்கே ஒரே பச்சை, பச்சை என்றால் மீன்! கலியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் சொல்லாமல், "மாத்திக்கலாமா மச்சான்?" என்று கேட்டான். மகள் காதுகுத்து நெருங்குகிறதே, ஒரு நல்ல பாடு விழாதா என்று தவித்துக்கொண்டிருந்தவன் அன்புசெல்வன். இருந்தாலும் அக்கா புருஷன் கேட்கிறாரே என்று சரி சொல்லிவிட்டான்.

வெள்ளியன்று வடக்கே கலியனுக்கு நாலு நண்டும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் கிடைத்தன. தெற்கே அன்புசெல்வனுக்குக் கூடை கூடையாக இறால். கலியன் கொதித்துப்போய் ஆப்காரர்களுக்குப் போன் போட்டான்.

"சார், அது கடலுக்கு மட்டும்தான். ஏரியில பச்சையா தெரியறது பாசி" என்றது ஒரு பெண் குரல்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டி எழுதிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்து வார்த்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அன்புசெல்வன் கூடை இறாலோடு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"தெக்கே எறாலுன்னு உன் ஆப்புல பாத்துட்டுத்தானே எனக்கு வுட்டுக் குடுத்த மாமா? பாப்பா காதுகுத்துக்குன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

தலையை ஆட்டினால் போதும், கலியன் ஊருக்கே பெரிய மனிதன். ஆட்டித் தொலையேன்டா என்றுகூட நினைத்தேன். குப்பம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் போனைக் கீழே வைத்தான்.

"இல்ல மச்சான். வடக்கேதான்னு காட்டுச்சு. உன் எடத்தத் தட்டிக்கலாம்னுதான் கேட்டேன்."

அன்புசெல்வன் குனிந்து, கூடையிலிருந்து பாதி இறாலை அள்ளித் தன் துண்டில் கட்டிக்கொண்டான். மீதியை அக்காவிடம் நீட்டினான்.

"மாமாவுக்கு மட்டும் காரம் ஜாஸ்தியா போட்டுக் குடுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.