கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்து

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, தங்கை விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் படித்து, ஆளுக்கொரு ஊரில் உத்தியோகம் பார்க்கின்றன. நான் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இதை யாரும் கேட்காமலே நானே சொல்லிவிடுவேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஒரு காலத்தில் மட்டும் அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். அந்தக் கதைதான் இது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகன் வயிற்றுப் பேத்தி கயல்விழி, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மாவுப்பசையின் வாடை எங்கே வந்தாலும் இன்றைக்கும் நான் அங்கே நிற்க மாட்டேன். புளித்த கஞ்சியும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை அது. பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் தைப்பவர்கள் அந்தப் பசையைத்தான் பூசுவார்கள். அது முதன்முதலாக என் மூக்கில் ஏறிய சனிக்கிழமைக்கு வருவதற்கு முன்னால் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம் கோரையாற்றை ஒட்டிய ஊர். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கடைத்தெருவில் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு கிளை நூலகம் இருந்தது, அதைப் பெருக்கிப் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வேலையும் அம்மாவுக்கு உண்டு. நடவு நாட்களில் அம்மாவுக்குப் பதிலாக நான் போவேன். எனக்குப் பத்து வயது இருக்கும். நூலகரை ஊரே "லைப்ரரி சார்" என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதி முஸ்லிம் தெருக்கள். ஆம்பிளைகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட "சபராளிகள்", வீட்டில் இருக்கும் பெண்களோ நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் கடைத்தெருவுக்கு வந்து ஆம்பிளைகளுக்கு நடுவே நின்று அலமாரியைத் துழாவ மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"படிக்கத் தெரியுமா ஒனக்கு?" என்று சார் ஒருநாள் கேட்டார்.

"ஓ, தெரியுமே" என்று சொல்லி, வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்து, திறக்கும் நேரம், மூடும் நேரம், வெள்ளிக்கிழமை விடுமுறை, புத்தகத்தில் எழுதக்கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். வருகிறவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். மறு சனிக்கிழமையே ஓலைப்பெட்டி என் தலைக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் களை பறிக்கப் போகையில் நான் மட்டும் பெட்டியும் தலையுமாக வரப்பில் நடந்து போவேன். அந்த மிதப்பை இப்போது சொன்னாலும் உங்களுக்குப் புரியாது.

புத்தகங்களை எனக்கு முகத்தை வைத்துத்தான் தெரியும். இது எலி கடித்தது, இது மழையில் நனைந்து வீங்கினது, இது நீல அட்டை, இதன் முதுகில் யாரோ விளக்கெண்ணெய்க் கையோடு தொட்டிருக்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் பெயர் எனக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே வேண்டியிருக்கவில்லை. "ஆத்துக் கதை", "ரயிலு கதை", "மாமியா கதை" என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் சொல்வதைக் காதில் வாங்கி அடுத்த வீட்டில் சொல்லிவிட்டால் போதும், நான் பெரிய படிப்பாளி.

அப்படிச் சொல்வதில் தெருவுக்கே தலைவி மரியம் லாத்தா. அந்தத் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. "மொத நாப்பது பக்கம் மண்ணு மாதிரி இருக்கும், பொறுத்துக்கச் சொல்லு. அப்பறம் வெல்லம்" என்பாள். மாமியார் கதையைத் திருப்பித் தரும்போது, "இதுல வர்றவ நம்ம மாமியாவையெல்லாம் தூக்கிச் சாப்புட்டுடுவா. படிச்சா மனசு ஆறுதலா இருக்கு" என்றாள். வீட்டுக்குக் கொடுக்கக் கூடாத அகராதியைக்கூட சார் அவளுக்காக ஒரு வாரம் கொடுத்தனுப்பினார். "கதை கிதை ஒண்ணுமில்ல புள்ள, ஆனா சண்டையில திட்றதுக்கு நல்ல நல்ல வார்த்தையா கெடக்கு" என்று அதற்கும் ஒரு சான்றிதழ். பழைய கல்வெட்டுகளைப் பற்றி யாரோ பெரிய படிப்புப் படித்தவர் எழுதிய தடிப் புத்தகத்தை, "தூக்கம் வரலேன்னு சொல்றவளுக்குக் குடு" என்று தள்ளிவிட்டாள். தூக்கத்துக்காக வாங்கிய ஒரு வீட்டில், நம்ம ஊர் வாய்க்கால் பெயர் அதில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட, அப்புறம் அது தெரு முழுக்கச் சுற்றி வந்தது. ஐந்நூறு பக்கத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் அழுக்கு.

தெருக்கோடி வீட்டில் சபியா லாத்தா. இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே போய், இரண்டாவது பிறந்து ஒன்பது நாளில் போய், இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் பகலெல்லாம் கட்டிலில் படுத்தபடி புத்தகம் படிப்பாள். நான் பெட்டியை இறக்கிய முதல் நாளே அவள் மாமியார் என்னை வாசலில் நிறுத்திக்கொண்டாள். நான் மாமி என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு நாக்கு கத்தி மாதிரி.

"ஏ கலெக்டரு! இந்த வூட்டுக்கு ஒரே ஒரு சட்டம். புள்ள சாவுற கதை ஒண்ணு உள்ள வரக்கூடாது. வந்துச்சு, அந்தப் பொட்டியோட ஒன்னையும் ஆத்துல கடாசிடுவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் என் முதல் கேள்வி, "இதுல புள்ள சாவுதா லாத்தா?" என்பதுதான். இல்லை என்று இரண்டு வாயாவது சொன்ன பிறகே அந்தப் புத்தகம் சபியா லாத்தா கைக்குப் போகும். ஆற்றுக் கதையில், ஒரு பச்சைப்பிள்ளையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். தெருவே அழுத கதை அது. அதன் சிவப்பு அட்டையை மட்டும் தெருக்கோடிக்குப் போகுமுன் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பேன். பிள்ளை உயிர் என் தலைப்பெட்டியில் இருப்பதாகவே எனக்கு நினைப்பு.

ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகிப் புத்தகங்கள் நனைந்துபோக, சார் ஒரு வண்டி நிறைய ஏற்றித் தைக்க அனுப்பினார். மார்கழியில் ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தன. கட்டைப் பிரித்ததும் அந்த வாடை. அத்தனைக்கும் ஒரே பச்சைக் காலிகோத் துணி அட்டை, ஓரமெல்லாம் சீராக வெட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டியதுபோல. எலி கடியும் இல்லை, எண்ணெய்க் கையும் இல்லை. முதுகில் கறுப்பு மையில் ஒரு வரி எழுத்து மட்டும். அதை நான் எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூட்டினாலும் அது எந்தக் கதை என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு உடையும், பெட்டி இறங்கும், நான் வயலில் இறங்க வேண்டும். எனவே ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். கல்யாணக் கோஷ்டி ஒன்று ரயிலைத் தவறவிட்டு அல்லாடும் சிரிப்புக் கதை, "ரயிலு கதை", மெலிசு. அப்படி மெலிசாக இருந்த ஒன்றை எடுத்துச் சபியா லாத்தாவுக்கு என்று மேலே வைத்தேன். அன்றைக்குப் பார்த்து முதலில் தெருக்கோடி வீட்டுக்கே போய்க் கொடுத்தும்விட்டேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

கடைசியாக மரியம் லாத்தா வீடு. பெட்டியைக் கிளறியவள், "ஆத்துக் கதை இன்னொரு வாட்டி படிக்கணும்னு சொன்னேன்ல, சாரு சீட்டுல எழுதி அனுப்பியிருக்காரே, எங்க?" என்றாள். பிறகு ஒரு மெலிசுப் புத்தகத்தைப் பிரித்து, "இங்க ரயிலு கதைதானே கெடக்கு" என்றாள்.

ஆற்றுக் கதையும் மெலிசுதான், தெருக்கோடியில் நான் கொடுத்தது அதைத்தான். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தெருவில் காயப்போட்டிருந்த நெல்லை மிதித்துக்கொண்டு ஓடினதற்கு யாரோ திட்டினார்கள். போகும்போதே எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அந்தத் தெருவுக்கு நம் சாமி வருமோ என்று சந்தேகம் வந்து, அவர்கள் அல்லாவையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

"என்னடி, வயல்ல மாடு பூந்துடுச்சா, இப்புடித் தலைதெறிக்க ஓடியாற?" என்ற மாமியைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். சபியா லாத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். புத்தகம் வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது, அவள் மூச்சுக்கு அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏம்புள்ள அஞ்சல, என்னாச்சு?"

"லாத்தா, அந்தப் புக்கு வேணாம் லாத்தா. தப்பா குடுத்துட்டேன். படிச்சுட்டீங்களா?"

"நான் எங்க படிச்சேன்? அதான் படிக்கக் கூடாதுன்னு மரியம் எழுதி வச்சிருக்காளே. நல்லா மூச்சு வாங்கு மொதல்ல."

புத்தகத்தைத் திருப்பிக் கடைசி வெற்றுத் தாளைக் காட்டினாள். பைண்டர் ஓரத்தைத்தான் வெட்டியிருந்தான், அந்தத் தாளை விட்டுவைத்திருந்தான். அதில் பென்சிலில் இரண்டு மூன்று கையெழுத்து. சபியா லாத்தா விரல் வைத்து வாசித்தாள். "நல்ல கதை. அழாமல் முடிக்க முடியாது." அதற்குக் கீழே, "ஆற்றில் பிள்ளை போய்விடுகிறது. சபியா படிக்கக் கூடாது." அதற்கும் கீழே பொடி எழுத்தில், "அஞ்சலை கேட்டாள். அவளிடமும் சொல்லியாயிற்று."

"எல்லாப் புக்குலயும் எழுதியிருக்காளுவளே. நான் கடைசிப் பக்கம் பாத்துட்டுத்தான் மொதப் பக்கத்துக்கே போவேன். நீ பாத்ததில்லையா?" என்றாள். நான் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பதைக் கவனித்தாள். பிறகு, "மாமி, இந்தப் புள்ளைக்கு ஒரு பணியாரம் கொண்டாங்க" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பிள்ளை உயிரை நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்று நினைத்து நடந்த அத்தனை சனிக்கிழமையும் தெருவே கூட நின்று ஒரு கை கொடுத்திருக்கிறது. மறுநாள் நானே போய்ச் சாரிடம், "எனக்குப் படிக்க வராது சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அது தெரியும். நான் கேட்ட அன்னிக்கு, வெள்ளை அடிச்சவன் அந்தப் பலகையத் தலைகீழா மாட்டியிருந்தான். நீ அப்பவும் அப்புடியே கடகடன்னு வாசிச்ச" என்றார் அவர், சிரிக்காமல். "வூட்டுக்கு வூடு நீ சொல்ற யோசனையில புக்கு ஓடுது. பொட்டியத் தூக்கு." புத்தகத்தில் எழுதக்கூடாது என்று பலகையில் போட்டிருந்தவர்தான், அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் ரப்பரால் அழித்ததே இல்லை. பிள்ளை சாகும் கதைகளையெல்லாம் பிரித்து அடித்தட்டில் தனியாக அடுக்கிவிட்டார். அந்தத் தட்டுக்கு எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. அவர் மாற்றலாகிப் போகும்வரை அப்படியே இருந்தது.

தை அறுப்பெல்லாம் முடிந்து, மாசியில் சபியா லாத்தாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள் நான் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் காலையில் உள்ளேயிருந்து அது வீல் என்று கத்த, மாமி வெளியே வந்து, "கேட்டியாடி கலெக்டரு, தொண்டையப் பாரு!" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினாள். அந்தத் தொண்டைக்காரிக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. பெருநாளைக்குப் பெருநாள் போனில் பேசுவாள்.

எனக்கு அதன் பிறகு ஓரளவு வாசிக்க வந்தது, அந்தக் கடைசிப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். அச்செழுத்து இன்றைக்கும் எனக்குத் தடுமாறும். பென்சில் எழுத்து என்றால் நிற்காமல் வாசிப்பேன்.

நூலகம் இப்போது மாடிக் கட்டடம். பெண்கள் தாங்களே ஸ்கூட்டியில் வந்து எடுத்துப் போகிறார்கள், அது எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம் போய் நாலைந்து புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. கயல்விழி போனில் காட்டுகிறாள்: ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஊர் உலகத்தில் யார் யாரோ நட்சத்திரம் போட்டு, நன்றாக இருக்கிறது, இல்லை என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் நான் கேட்டவரை ஒருவரும் எழுதவில்லை. அவர்களுக்குச் சபியாவைத் தெரியாதே.

எழுதினது போதும், கயலு. நோட்டு வயித்தை அழுத்தப் போவுது, நிமுந்து ஒக்காரு. கடைசித் தாள்ல பென்சிலால எழுதிடு: "இதில் பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. எல்லோரும் படிக்கலாம்." எழுதிட்டியா? இப்ப மொதல்லேருந்து வாசி, கேப்போம்.