சுந்தரபாண்டியம் கண்மாய்க் கன்னிக்கு ஒரு பாவாடை

கடல்கன்னி என்று யாராவது வாயெடுத்தால் போதும், பஸ் ஏறிவிடுகிற கிறுக்கு எனக்கு. போன பொங்கல் விடுமுறையில், ராஜபாளையம் பொருட்காட்சியில் 'உயிருள்ள கடல்கன்னி' என்று தோழி போட்டோ அனுப்ப, மதுரையிலிருந்து கிளம்பினேன். இரண்டரை மணி நேரப் பயணம். கண்ணாடித் தொட்டிக்குள் பாவம் ஒரு பெண், இடுப்பில் ஜிப் தெரியக் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது ரூபாய் தண்டம்.

வெளியே வந்து ஆட்டோக்காரர் தங்கராசுவிடம் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "கடலுக்கு இங்க எங்க போக? எங்களுக்குக் கண்மாய்க் கன்னிதான். வாரீகளா? நானும் அங்கதான் போறேன்" என்றார். போகவர எண்ணூறு ரூபாய்.

வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் துணிக்கடை ஒன்றில் நிறுத்தினார். "செத்த உள்ள வாங்க மேடம். பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை. எம்புட்டு நீளம்னு பிடிபடல." எனக்கும் அதே வயதில் மகள் இருக்கிறாள். அவள் அளவுக்கே சிவப்பில் ஒன்று ஆசையாக எடுத்துக் கொடுத்தேன்.

சுந்தரபாண்டியம் நெருங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மகள் செல்வி நாலு வருசத்துக்கு முன்னால், எட்டு வயதில் அந்தக் கண்மாயில் மூழ்கிப்போனாள். அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை. "கன்னி கூட்டிட்டுப் போயிட்டா" என்றார். வருசா வருசம் கரையில் பாவாடை வைப்பாராம். மறுநாள் அது அங்கே இல்லையென்றால் பிள்ளை உடுத்திக்கொண்டாள் என்று அர்த்தம். போன இரண்டு வருசமும் வைத்தது வைத்தபடியே கிடந்திருக்கிறது.

"அவ அம்மா சோறு தண்ணியில்லாம கெடக்கா. அந்த ரெண்டு வருசமும் பழைய அளவுலயே எடுத்துட்டேன் மேடம். அங்கனயும் வளருவால்ல?"

மடியிலிருந்த பாவாடைப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

கண்மாய் தளும்பிக் கிடந்தது. காற்றில்லை, ஒரு கொக்குகூட இல்லை. படிக்கல்லில் பாவாடையை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த செல்வியின் பழைய கண்ணாடி வளையல்களை அதன்மேல் வைத்தார். சீக்கிரம் போய்விடலாம் என்றிருந்தது எனக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கினேன். காலையில் அவருடன் மறுபடி போனேன். பாவாடை இல்லை. யாராவது எடுத்துப் போயிருக்கலாம், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஈரப் படியில் வளையல்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

தங்கராசு மனைவிக்குப் போன் போட்டார். "ஏட்டி, உடுத்திட்டா. எந்திரிச்சுச் சாப்பிடு." வளையல்களைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இது சின்னதாப் போச்சு போல."

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தையில் தண்ணீர் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் பஸ் உண்டு. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். கரையில் என்ன கிடந்தாலும் தொடாதீர்கள்.

போன வாரம் தங்கராசு போன் செய்தார். உங்க பிள்ளை கை அளவு சொன்னால் செல்விக்கு வளையல் எடுக்க வசதி என்றார். மகளைக் கூப்பிட்டேன். ஓடிவந்து கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த ஏதோ ஓர் அளவைச் சொல்லி வைத்தேன்.