காஞ்சனா வீட்டு வாரண்ட்

வேறு பெயரில் வந்த வாரண்ட்

பூட்டின் மேல் சுத்தியலின் முதல் அடி விழுந்துவிட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் எதிர் வீட்டு பாய் தெருவைத் தாண்டி ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அமீனா சார், இது யார் வீடுன்னு தெரிஞ்சுதான் ஒடைக்கிறீங்களா?"

நான் ஆம்பூர் பக்கம் ஒரு கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, காலி செய்யச் சொல்லி உத்தரவான வீட்டை எடுத்து உரிமையாளரிடம் ஒப்படைப்பது எல்லாம் அமீனாவின் வேலை. ஒப்படைப்பதை எங்கள் பாஷையில் 'சுவாதீனம் கொடுப்பது' என்போம். யாரும் எங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார்கள். அதற்குப் பழகிப் போயிருந்தேன். அதனால் பாய் மறித்ததும் எரிச்சல்தான் வந்தது.

கையிலிருந்த வாரண்ட்டைக் காட்டினேன். வீட்டு ஓனர் மாணிக்கம். வாடகைதாரர் செல்வம். கோர்ட்டில் செல்வம் ஆஜராகி 'காலி செய்ய ஆட்சேபணை இல்லை' என்று சொல்லியிருந்தார். பிறகும் காலி செய்யவில்லை என்று மாணிக்கம் மனுப் போட்டு, பூட்டை உடைக்கவும் போலீஸ் பந்தோபஸ்துக்கும் உத்தரவு வாங்கியிருந்தார். ஒரு கான்ஸ்டபிள் கூட நின்றிருந்தார். பேப்பரில் ஒரு குறையும் இல்லை.

"செல்வமா? அந்தப் பேர்ல இங்க யாரும் இருந்ததே இல்லியே" என்றார் பாய். "காஞ்சனாம்மாதான் பதினோரு வருஷமா இருக்காங்க. ஷூ ஃபேக்டரிக்குப் போயிருக்காங்க. ஃபோன் பண்ணிட்டேன், வந்துடுவாங்க."

மாணிக்கம் என் காதருகே வந்தார். "வாரண்ட்ல இன்னா இருக்குதோ அத செய்யுங்க சார். ஊர்ல நாலு பேர் நாலு பேசுவாங்க. அதெல்லாம் கேட்டா வேலை ஆவுமா?"

அவர் சொன்னதும் தப்பில்லை என்றுதான் தோன்றியது. போலீஸ் பந்தோபஸ்து கொடுத்த பிறகும் வாரண்ட்டை நிறைவேற்றாமல் திருப்பினால் மேலே பதில் சொல்ல வேண்டும். சுத்தியலோடு நின்ற பூட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைக்கப் போனேன். அப்போது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

இறங்கிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஃபேக்டரி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது. விரல் நுனிகளில், தைப்பதற்கு முன் தோலை ஒட்டும் சொல்யூஷன் காய்ந்து ஒட்டியிருந்தது. கத்துவார், அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தவன் நான்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். "பூட்ட ஒடைக்காதீங்க சார், சாவி இருக்குது" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்."

அவர் வீட்டைப் பறிக்க வந்த எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். வாரண்ட்டைக் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழ் வரை படித்தார். அவசரப்படவில்லை. "ஃபேக்டரில எந்த பேப்பர்ல கையெழுத்து கேட்டாலும் முழுசா படிச்சுட்டுத்தான் சார் போடுவேன். சூப்பர்வைசருக்கு அதுல பேஜார்தான்" என்றார். படித்து முடித்ததும் மாணிக்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

"செல்வம்னா உங்க கடையில பெயின்ட் டப்பா தூக்குறவரு தானேண்ணா? அவரு எப்ப இந்த வீட்ல இருந்தாரு?"

மாணிக்கத்துக்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. அவர் பூட்டுக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. காஞ்சனா மேல் வழக்குப் போட்டால் காரணம் காட்ட வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்காகத் தன் கடை ஆளையே வாடகைதாரர் என்று காட்டி, அவரையே ஒத்துக்கொள்ள வைத்து, உத்தரவு வாங்கியிருக்கிறார். கோர்ட்டில் இருந்த நீதிபதிக்கு இது தெரிய வழியில்லை. வீட்டு வாசலில் நிற்கும் அமீனாவுக்குத்தான் தெரியும், அதுவும் விசாரித்தால்தான்.

காஞ்சனா ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் புத்தகம், மகளின் ஸ்கூல் லெட்டர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டேன். "எத்தினி வாட்டியோ எழுதிக் குடுங்கண்ணான்னு கேட்டேன். நமக்குள்ள எதுக்கும்மா பேப்பர்னாரு" என்றார். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவர சமையலறைக்குப் போனார். காலை பத்தரை மணிக்கும் அங்கே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். 'வாரண்ட்டில் கண்ட செல்வம் என்பவர் இங்கு இல்லை. காஞ்சனா என்பவர் தன் சொந்த உரிமையில் குடியிருப்பதாகச் சொல்லி ஆட்சேபித்தார். எனவே சுவாதீனம் எடுக்க இயலவில்லை.' பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மாணிக்கம் மறுத்துவிட்டார். அதையும் எழுதினேன்.

கிளம்பும்போது காஞ்சனாவிடம் சொன்னேன். "அம்மா, இதோட முடியல. உங்கள வெளிய அனுப்ப அவர் மறுபடி மனுப் போடுவாரு. நீங்க கோர்ட்டுக்கு வந்து உங்க உரிமைய சொல்லணும். வக்கீல் வெக்க முடியலன்னா கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்குது."

"வர்றேன் சார்" என்றார். "பர்மிஷன் ஒரு மணி நேரந்தான் குடுத்தாங்க" என்று சொல்லி, அதே ஆட்டோவில் ஏறி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் நினைத்தபடியே மாணிக்கம் மனுப் போட்டார், காஞ்சனாவும் சொன்னபடி வந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் சம்பளம் போனாலும் வந்தார். வழக்கு நடக்கும்போதே ஒரு நாள் வீட்டில் கரண்ட் போனது. ஃபியூஸை யாரோ பிடுங்கியிருந்தார்கள். "எலி ஒயர கடிச்சிருக்கும்" என்றாராம் மாணிக்கம். அக்கம்பக்கத்தார், 'அவர் கடை முன்னால் போய் நாலு வார்த்தை கேளு' என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காஞ்சனா அங்கே போகவில்லை. குடியிருப்பவருக்கு ஓனர் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது, அப்படி நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அதிகாரியிடம் போய் மனுக் கொடுத்தார். உத்தரவும் வாங்கினார். ஃபியூஸ் திரும்பி வந்தது. அதுவரை அவர் மகள் பாய் வீட்டில்தான் உட்கார்ந்து படித்தாள்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறினார் செல்வம். அந்த வீட்டில் தான்தான் குடியிருந்ததாகவும், காஞ்சனாவை ஆறு மாதத்துக்கு முன் தானே உள்வாடகைக்கு வைத்ததாகவும் சொன்னார். ஒப்பித்த பாடம் தடங்கலில்லாமல் வந்தது. காஞ்சனாவுக்காக ஆஜரான இளம் வக்கீலம்மா எழுந்தபோது, பின்னாலிருந்து காஞ்சனா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

வக்கீலம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷம் இருந்தீங்களே, சமையல் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?"

செல்வம் மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் தரையைப் பார்த்தார்.

"தெருப் பக்கங்க" என்றார் செல்வம்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அமீனா, நீங்க உள்ள போனீங்கல்ல?"

"போனேங்கய்யா. பகல்லயே லைட் எரிஞ்சுது. அந்த சமையல் ரூமுக்கு ஜன்னலே கிடையாதுங்கய்யா."

செல்வம் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் சொன்னதாக ஒத்துக்கொண்டார். அந்த உத்தரவு காஞ்சனாவைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. மாணிக்கத்துக்குக் கடுமையான கண்டனமும் கிடைத்தது.

வெளியே வந்ததும் காஞ்சனா நேரே செல்வத்திடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வேற வேலை தேடுண்ணா. எங்க ஃபேக்டரி பேக்கிங்ல ஆள் கேக்குறாங்க. நான் சொல்றேன்" என்றார்.

கோர்ட்டுக்கு வந்த சாவி

இரண்டு வருடம் கழித்து மாணிக்கம் மறுபடி மனுப் போட்டார். இந்த முறை காஞ்சனாவின் பெயரிலேயே, உண்மையான காரணத்தோடு. மாணிக்கத்தின் மருமகன் இறந்துவிட்டார். மகள் இரண்டு குழந்தைகளோடு திரும்பி வந்திருந்தார். அந்த வீடு மகளுக்கு வேண்டும்.

எங்கள் ஆபீஸில் எல்லோரும் காஞ்சனா விட மாட்டார் என்றுதான் சொன்னோம். இழுக்க வேண்டுமானால் இழுக்கலாம், அப்பீல் போகலாம். அதற்கான வழிகள் எல்லாம் இப்போது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் எழுந்து நின்று, "அவங்களுக்குத் தேவை இருக்குதுங்கய்யா, அந்தப் பொண்ணையும் புள்ளைங்களையும் நான் பார்த்தேன். என் பொண்ணு பிளஸ் டூ பரீட்சை முடியிற வரைக்கும் டைம் குடுங்க, போதும்" என்றார். கோர்ட் மே மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்தது.

கடைசி நாளன்று காலையில் கோர்ட் திறந்ததும் அவர் சாவியோடு வந்து நின்றார். மாணிக்கம் வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சாவியை வாங்க ஆளில்லை. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது என்று கோர்ட்டிலேயே கொடுக்க வந்துவிட்டார். அவர் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதி, கூடப் போய் மாணிக்கத்தின் மகளிடம் வீட்டை ஒப்படைக்கும்படி எனக்கு உத்தரவிட்டார்.

நான் காலி செய்த வீடுகள் எத்தனையோ. உடைந்த குழாய், பிடுங்கிய ஸ்விட்ச், கதவில் ஆணியால் கிறுக்கிய கெட்ட வார்த்தை, இவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். காஞ்சனா அந்த வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்.

மாணிக்கத்தின் மகள் வாசலில் தயங்கி நின்றாள். அப்பா செய்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்கும். காஞ்சனா அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தக் குழாய ரெண்டு சுத்து ஜாஸ்தி திருப்பினாத்தான் தண்ணி நிக்கும். மழை வந்தா இந்த மூலையில ஒழுகும், ஒரு பக்கெட் வெச்சுக்கோ. எதுனா வேணும்னா எதிர் வீட்டு பாய்கிட்ட கேளு, ரொம்ப நல்லவரு."

அந்தப் பெண் தலையை ஆட்டியபடியே அழுதாள். காஞ்சனா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். 'வாடகைதாரரை வெளியேற்றி' என்றுதான் கை பழக்கத்தில் எழுதியது. பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்த காஞ்சனா மெதுவாகச் சொன்னார்.

"சார், என்னை யாரும் வெளியேத்தலியே."

அடித்துவிட்டு, 'வாடகைதாரர் தாமாகவே ஒப்படைத்தார்' என்று திருத்தி எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரண்ட் கையில் இருந்தாலும் கதவைத் தட்டிப் பெயரைக் கேளுங்கள். உள்ளே இருப்பவர் பேசி முடிக்கும் வரை நில்லுங்கள். சட்டத்தைப் பெரிய படிப்புப் படித்தவர்களிடம்தான் கற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சண்டை போட வேண்டிய இடத்தில் சட்டப்படி நின்று, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் சட்டப்படியே விட்டுக்கொடுப்பதை நான் கண்டது ஒரு ஷூ ஃபேக்டரித் தையல் மெஷினில் வேலை செய்த பெண்ணிடம்தான்.