யாரையும் விட்டுப்போகாத நெவென்கா

ஒசியெக் நகரில் ட்ராம் ஓட்டும் நெவென்காவுக்கு ஒரு பழக்கம். நிறுத்தத்தை நோக்கி யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் கதவை மூட மாட்டாள். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "அவசரம்னா இறங்கி நடங்க" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் எடுக்கும் படங்களும் அப்படித்தான். கண்ணில் பட்ட அத்தனை பேரையும் உள்ளே ஏற்றிக்கொள்வாள். புகைப்படச் சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து, நகரத் தியேட்டரில் சங்கம் வைக்கும் ஒவ்வொரு வசந்தக் கண்காட்சிக்கும் படம் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது உறைக்குள்ளேயே வீடு திரும்பியது. அதற்காக அவள் முகம் சுண்டியதில்லை. இந்த ஆண்டு தேர்வு நடப்பதற்கு முன்பே ட்ராம் பணிமனை முழுக்கச் சொல்லிவிட்டாள். "தியேட்டர் முன்கூடத்துல என் படம் தொங்கும். வந்து பாருங்க."

சங்கம் வியாழக்கிழமைகளில் கூடும். படத்தை முதலில் மேசையில் தலைகீழாக வைப்பார்கள். யாருடைய முகம், எந்த ஊர் என்பதெல்லாம் உதிர்ந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். பிறகு நிமிர்த்திவைத்துப் பேசுவார்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. குறை சொல்பவர் வழியும் சொல்ல வேண்டும்.

நெவென்கா கொண்டுவந்தது, த்ராவா ஆற்றங்கரையில் சங்கத்தார் மீன் குழம்பு வைத்த நாளின் படம்.

"இது படமா, ஊர்க்கூட்டமா?" என்றாள் மருந்துக்கடை ஸ்மில்யானா.

"வழியச் சொல்லு" என்றார் சங்கத் தலைவர் பெரிஸ்லாவ். பல் செட் செய்கிறவர். மயிரிழை பிசகினாலும் பொறுக்காதவர்.

"சொல்றேன். குழம்பு ஆவியில பாதி முகம் மறைஞ்சு, கரண்டிய ஊதிட்டு நிக்கிறாளே, அவதான் படம். மத்தவங்க எல்லாம் அவ மேல ஏறி நிக்கிறாங்க."

பெரிஸ்லாவ், ஓரங்களை மறைத்துப் பார்ப்பதற்காகக் கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு மூலைத்துண்டுகளை எடுத்துப் படத்தின் மேல் நகர்த்தினார். இடப்பக்கம் கோப்பையோடு நின்ற ஆண்கள் மறைந்தார்கள். மிதிவண்டி மறைந்தது. "இப்பதான் படத்துக்கு மூச்சு வருது" என்றார். வலப்பக்கம், தான் பிடித்த கெண்டையைத் தூக்கிக் காட்டியபடி நின்றவர் பெரிஸ்லாவ்தான். அட்டை அவரை மறைக்காமல் அவருக்கு அப்பால் போய் நின்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நெவென்காவின் முறை வந்தது. "குடிச்சிட்டிருந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்கள எப்படி வெளிய தள்றது?"

"படத்துலருந்து தானடி தள்ற. ஆத்துலயா தள்ற?" என்றாள் ஸ்மில்யானா.

அடுத்த வாரம், கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பக் காத்திருந்தபோது, நெவென்கா படத்தை மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக மறைத்துப் பார்த்தாள். கோப்பைகளை மறைத்தபோது நெஞ்சில் ஏதும் இடறவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் ஆவியைவிட வெள்ளையாக ஓரத்தில் ஏதோ ஒன்று அவள் பார்வையை இழுத்துக்கொண்டே போனது. படத்தை நிமிர்த்தினாள். கெண்டையின் வயிறு.

அந்த வாரமே தேர்வு நாள் வந்தது. அவளே அட்டைகளை வைத்தாள். கோப்பைகள் இல்லை, மிதிவண்டி இல்லை, கெண்டை இல்லை, தலைவரும் இல்லை. முறைப்படி வாயை மூடிக்கொண்டு கைகட்டி நின்றாள். மற்றவர்கள் பேச வேண்டும். எல்லோரும் பெரிஸ்லாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முகம் சுளித்தால் வாக்கெடுப்பில் மற்றவர் கைகளும் எழாது என்பது அவளுக்குத் தெரியும். பணிமனைக்காரர்கள் வந்து வெறும் சுவரைப் பார்ப்பார்கள்.

"மீன் எங்க?" என்றார் பெரிஸ்லாவ்.

நெவென்கா உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அதோட வயிறு ஆவிய விட வெள்ளை. கண்ணு அங்கதான் ஓடுது" என்றாள் ஸ்மில்யானா, காப்பியைப் பார்த்துக்கொண்டு. "போன வாரமே பாத்தேன்."

"பாத்தா சொல்றதுக்கென்ன?"

"தலைவர் மூஞ்சிய வெட்டுன்னு நான் எப்படிச் சொல்றது?"

பெரிஸ்லாவ் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அட்டைகளோடு சேர்த்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, குனிந்து வெகுநேரம் பார்த்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"அரைகுறையா வெட்டியிருக்க" என்றார். "என் முழங்கை ஓரத்துல ஒட்டிட்டு நிக்குது பாரு, தாடியில ரொட்டித் துணுக்கு மாதிரி. தூக்குனா முழுசாத் தூக்கு."

எல்லோரும் பேசியாயிற்று; இனி நெவென்கா வாய் திறக்கலாம். "அத எடுத்தா கரண்டிக் காம்போட நுனியும் போயிடும், தலைவரே."

"போகட்டும். அவ ஊதுறா, ஆவி வருது. கரண்டின்னு புரியாதா?"

நெவென்கா அட்டையை நகத்தளவு தள்ளினாள். முழங்கை மறைந்தது, காம்பின் நுனியும் மறைந்தது. ஆவியோடு அந்தப் பெண் முன்னுக்கு வந்தாள். இவ்வளவு நாள் அங்கேதான் நின்றிருந்தாள்.

"சரிதான்" என்றாள் நெவென்கா.

"அந்த வருஷத்துலயே பெரிய மீன் அது" என்றார் பெரிஸ்லாவ், கையைத் தூக்கியபடி. வாக்கெடுப்பில் முதலில் எழுந்த கை அவருடையதுதான்.

"தெரியும். ரெண்டு தட்டு தின்னேன்" என்று சொல்லிவிட்டு, நெவென்கா மற்ற கைகளை எண்ணத் தொடங்கினாள்.