அக்கா பேச வேண்டிய காலை

தொண்டையில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் போய்விட்டது. அவள் தட்டுவதை வாய்விட்டுச் சொல்ல நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். வெளியே கிடைப்பவை எங்களுக்கு ஒத்துவராது. மட்டாஞ்சேரியில் மலையாளப் பள்ளியில் படித்த நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ், கைக்கு வருவது மலையாள எழுத்து. அக்கா தமிழை மலையாள எழுத்தில்தான் தட்டுவாள். மற்ற நிரல்கள் அதை மலையாளமாக வாசித்துக் கொலை செய்யும். என்னுடையது தமிழாகவே பேசியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பதினொரு மணிக்கு அவள் மகளைப் பெண் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து பையன் வீட்டார் வருவதாக இருந்தது. எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்தது: "பேச மாட்டேங்கறதுடா. ஓடி வா."

போய்ப் பார்த்தேன். கூடத்து மேசையில் இருந்த பழைய கணினியில் நிரலைத் திறந்ததுமே அது செத்து விழுந்தது. 'சட்டவிரோத ஆணை' என்று ஒரே ஒரு வரி. என்னைக் கோர்ட்டில் நிறுத்தினது போல இருந்தது.

"சாரமில்லை, போனாப் போறது, நான் பேசிக்கறேன். அவ உக்காந்திருந்தா போரும்" என்றார் அத்திம்பேர். கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாக வெளியே போகும் எல்லா இடத்திலும் அக்காவுக்காக அவர்தான் பேசுகிறார். பேசிப் பேசி, அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டார். தாளில் எழுதிக் கொடுத்தாலும் அவரே வாங்கிப் படிப்பார், பாதியை விழுங்கிவிட்டு. அக்கா ஒரு காகிதத்தில் கிறுக்கி என் பக்கம் தள்ளினாள்: "அவாகிட்ட ஒண்ணு சொல்லணும். நானே சொல்லணும்."

முதலில் கணினியைத் திட்டினேன். பிறகு வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைத் திட்டினேன். அதற்கப்புறம்தான் புத்தி வந்தது.

கணினிக்கு மூளை அதன் செயலி; எல்லாச் செயலிக்கும் எல்லா வேலையும் தெரியாது. சிலவற்றுக்கு எட்டு எண்களை ஒரே மூச்சில் கூட்டத் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. அதனால் நிரல் தொடங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் பொது நிரல்களின் தொகுப்பான அமைப்பு நூலகம் இந்த விசாரணையை ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறது. நான்தான் பெரிய மேதாவியாயிற்றே! நூலகத்தை ஓரங்கட்டிவிட்டு, "உனக்கு இது தெரியுமா?" என்று செயலியிடம் நேராகக் கேட்க நாற்பது வரி எழுதியிருந்தேன். தெரியும் என்றது. எப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்தப் பழைய செயலியில் எட்டு எண்களைக் கூட்டும் வசதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், முந்தைய நாள் வந்த புதுப்பிப்பு அதைப் பூட்டிவிட்டிருந்தது. தெரியுமா என்று கேட்டால் மட்டும் போதாது, செய்ய விட்டிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். நூலகம் இரண்டையும் கேட்கும். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

வெட்கமாக இருந்தது. நாற்பது வரியையும் அழித்துவிட்டு, நூலகத்திடம் கேட்கும் ஒரே வரியைப் போட்டேன். வசதி இருக்கிறது, பயன்படுத்த முடியாது என்று அது சொன்னால் நிரல் சாதாரண வழியில் போகும். சற்று மெதுவாகத்தான் பேசும், ஆனால் பேசும். அந்தக் கிழட்டுக் கணினி அதை ஓடும் நிரலாகத் தொகுத்து முடிக்கவும் வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது; பேச வைத்துப் பார்க்க நேரமில்லை.

எல்லோரும் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். பையனின் அம்மா பொதுவாகக் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போற ஐடியா உண்டா?"

அத்திம்பேர் வாயைத் திறந்தார். அக்கா உள்ளங்கையை உயர்த்தித் தடுத்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். பிறகு கணினி பேசியது: "போவா. சம்மதம் கேக்கலை, சொல்றேன். ஏழு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கா."

அத்திம்பேர் அவளையே பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்திதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பையனின் அம்மா அதுவரை அவர் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"நானும் வேலைக்குப் போறவதான் சேச்சி. உங்களுக்கு வேற என்ன கேக்கணும்? கேளுங்கோ."

அக்கா மறுபடி தட்டத் தொடங்கினாள். நீளமாக, நிதானமாக. அவள் தட்டி முடிக்கும் வரை, அத்திம்பேர் உட்பட, யாரும் வாய் திறக்கவில்லை.