கொத்தன் என்ற சொல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவை மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் அவர் மேசன். கலஹா கடைத்தெருவில் சிங்களக் கடைக்காரர்களுக்குக் கல் பாஸ். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் கொத்தன். மூன்றும் ஒரே வேலையைத்தான் சொல்கின்றன, கல்லை உடைத்துக் கட்டுகிற வேலை. ஆனால் கொத்தன் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் எனக்குப் பயம். இந்த வயதில் இதை எழுதும்போதும் பயம்தான், பொய் சொல்லவில்லை.

பிற்காலத்தில் கண்டி டவுனுக்குக் குடிவந்தேன். ஒரு அகராதி கைக்குக் கிடைத்ததும் முதலில் தேடியது அந்தச் சொல்லைத்தான். கொத்துவது என்றால் கூரான கருவியால் குத்தி வெட்டுவது. அப்படிக் கல்லைக் கொத்துகிறவன் கொத்தன், மரியாதையாகச் சொன்னால் கொத்தனார். மேசன் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சொல். பாஸ் அதற்கும் முன்னால் ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று பிறகு ஒருவர் சொன்னார். அகராதியில் தலை என்ற பேச்சே இல்லை. நான் இரண்டு தரம் பார்த்தேன்.

தலை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். முப்பதுகளின் தொடக்கம் அது, எனக்கு ஒன்பது வயது. அம்மா காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. லயத்துக்கும் தேயிலை ஸ்டோருக்கும் நடுவே ஒரு ஆறு. அதன் மேலிருந்த மரப்பாலத்தை அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இனிக் கல்லில்தான் கட்ட வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். அந்த வேலை அப்பாவிடம் வந்தது. அன்றைக்கே லயத்தில் பேச்சும் கிளம்பிவிட்டது. ரெண்டு தரம் இழுத்த ஆறு சும்மா விடாது, பலி கேக்குது, மூணு தலையை அடியில வச்சாத்தான் தூண் நிக்கும். இது ஒன்றும் எங்கள் தோட்டத்துப் புதுப் பேச்சு அல்ல. எங்கே பாலம் போட்டாலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். பிள்ளையை வெளியே விடாதே, கொத்தன் சாக்கோடு திரிகிறான் என்று தாய்மார்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நேற்றுவரை அவர்களுடைய அடுப்படி அம்மியைக் கொத்திக் கொடுத்தவர் அவர்.

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குசுகுசுப்பதைக் கண்டு ஒரு நாள் விளக்கினார்.

“கொத்திறவன் கொத்தன், அவ்வளவுதான் பிள்ளையள். கூரான ஆயுதத்தால குத்தி எடுக்கிறவன். இதில பயப்பிட என்ன இருக்கு?”

வாத்தியார் சாமி, நல்லது செய்கிறேன் என்று வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்களே! பெஞ்சு முழுவதும் என் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பக்கத்து லயத்தில் ஒரு பொடியன் இருந்தான், ஆறு வயது இருக்கும். அவன் தாய் கொழுந்து எடுக்கப் போகிறவள், தகப்பன் இல்லை. அவன் என்னை அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவன்தான். ஊரே என்னை ஒதுக்கியதும் அவனுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது பின்னாலேயே வந்து, “தலவெட்டி மக, தலவெட்டி மக” என்று பாடினான்.

எனக்கு வாய் நீளம், அப்போதும் இப்போதும். நின்று திரும்பினேன்.

“ஆமாடா. எங்கப்பாவுக்கு மூணு தல வேணும். ரெண்டு கெடச்சிருச்சு. மூணாவதுக்குச் சின்னத் தலையே போதுமாம். ஒன்னயத்தான் பாத்து வச்சிருக்காரு. இன்னிக்கு வருவாரு.”

அவன் காற்சட்டை நனைந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்! ஒரு பாட்டம் சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

மத்தியானம் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கைப் பார்த்தேன். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உருண்டையாக ஏதோ உள்ளே இருந்தது. சாக்கின் அடியிலிருந்து சிவப்பாகக் கசிந்து சாணம் மெழுகிய தரையில் ஒரு சிறு குளமாக நின்றது. நான் கிட்டப் போகவில்லை. “கட்டிலுக்கு அடியில கைய வைக்கக் கூடாது, பொம்பளப் புள்ள தொடக் கூடாத சாமான்” என்று முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. சோற்றுச் சட்டியைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து குந்திக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து லயத்திலிருந்து அந்தப் பொடியனுடைய தாயின் குரல் கேட்டது. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இல்லை, கோயிலடியில் இல்லை, காலையிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

நான் சொன்னது பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அந்தச் சாக்கைத் தாண்டிப் போகவில்லை. அப்பா காலையில் எத்தனை மணிக்குப் போனார்? எந்தப் பக்கமாகப் போனார்? தோட்டமே சொல்கிறதே, எல்லோருமா பொய் சொல்வார்கள்? மாரியாத்தா, அது அவனாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அது யாராகவும் இருக்கக் கூடாது என்று வேண்ட எனக்குத் தோன்றவில்லை.

நாலு மணி போல வானம் கறுத்தது. அப்பா வேலையிலிருந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லயத்து ஆட்கள் திரளாக ஏறி வந்தார்கள். முன்னால் கங்காணி. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து நாள் ஆனதால் ஆம்பிளைகள் கையில் கவ்வாத்துக் கத்தி. நடுவே அந்தத் தாய், முடி அவிழ்ந்து, ஆள் ஆளாக இல்லை.

“கொத்தா, புள்ள எங்க?” என்றார் கங்காணி.

“எந்தப் புள்ளைங்க?”

“நடிக்காத. உள்ள சாக்குல என்னா இருக்கு?”

அப்பா எழுந்து உள்ளே போய்ச் சாக்கைத் தூக்கிவந்து எல்லோருக்கும் நடுவே வைத்தார். முடிச்சில் கை வைத்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னென்னவோ சத்தம் கேட்டது, பிறகு ஒரு பெண் “அட, பூசணிக்கா!” என்றாள். உருண்டு வந்து என் காலடியில் கிடந்தது. மேல் மூடியைச் சீவி, உள்ளே குங்குமமும் மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீரும் நிரப்பி, திரும்ப மூடிக் கட்டிய பூசணிக்காய்.

“எங்க வழக்கமுங்க” என்றார் அப்பா. “உசுருக்குப் பதிலா இத அஸ்திவாரத்துல பொதைப்போம். ஆடு கோழிகூட வெட்ட மாட்டோம்.”

“இது இன்னிக்கு. நாளைக்கு எதப் பொதைப்ப?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. கங்காணி அப்பாவின் சட்டையைப் பிடித்தார். ஒரு கல் பறந்து வந்து அப்பாவின் புருவத்தில் பட்டது. அவர் கையை ஓங்கவில்லை. கத்திகள் எல்லாம் இடுப்புக்கு மேலே வந்துவிட்டன. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அப்பா இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“நாந்தான்!” என்று கத்தினேன். “நாந்தான் அவன்கிட்ட அப்பா வருவாருன்னு சொன்னேன். அவன் பயந்து ஒளிஞ்சிருக்கான். மதகுல போய்ப் பாருங்க!”

வண்டிப் பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் போக அப்பா கட்டிய மதகு அது. கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு நீளப் பொந்து. பிள்ளைகள் நாங்கள் கொய்யாக்காயை அங்கேதான் பழுக்க வைப்போம். அவனை மிரட்டியதை மறைத்து இவ்வளவு நேரம் நான் ஏன் சும்மா நின்றேன்? பயம்தான், வேறென்ன.

நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது மேல் மலையில் மழை பிடித்துவிட்டது. மதகுக்குள் தண்ணீர் சேறாக வர ஆரம்பித்திருந்தது. அதன் கீழ் வாய் சருகு அடைத்துக் கிடந்தது. மேல் வாயில் பெரிய ஆள் நுழைய முடியாது. தாய் குனிந்து கூப்பிட்டாள், தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கல்லை எடுத்தால் மற்றது சரியாது என்று பார்க்க அப்பா சுத்தியலை எடுத்து மதகின் மேல் தட்டினார். கல்லைத் தட்டிக் காது வைத்துக் கேட்காமல் அவர் எதையும் தொட மாட்டார். டொக், டொக்.

உள்ளேயிருந்து அலறல் வந்தது. ஐயோ, அந்த அலறல்! கொத்தன் வந்துட்டான், கொத்தன் வந்துட்டான் என்று கத்திக்கொண்டே அவன் இன்னும் உள்ளே போகிறான் என்பது எங்களுக்குக் கேட்டது. உள்ளேதான் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். கல் இழுக்கிற கயிற்றை என் இடுப்பில் கட்டினார்.

“நீ போ” என்றார்.

உள்ளே இருட்டு. தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கல்லைத் தடவித் தடவிப் போனேன். கடைசியில் அவன் கால் தட்டுப்பட்டது.

“அக்கா, வெளிய யாரு?”

“எங்கப்பா.”

பிடித்திருந்த என் கையைக் கடித்தான். நான் பிடியை விடவில்லை, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

“நான் சொன்னது பொய்டா. எங்கப்பா தல எடுக்க மாட்டாரு.”

“சாமி சத்தியமா?”

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

“சாமி சத்தியமா” என்றேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கயிறு இழுத்தது.

வெளியே வந்ததும் தாய் அவன் முதுகில் ஓங்கி இரண்டு வைத்தாள், பிறகு தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அப்பாவின் பக்கம் திரும்பி, “கொத்தனாரே, மன்னிச்சிருங்க” என்றாள். லயத்தில் ஒரு ஆள் அந்தச் சொல்லை மரியாதையோடு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அப்பா புருவத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

வீட்டுக்கு வந்தோம். பூசணிக்காய் இஸ்தோப்பில் உருண்ட இடத்திலேயே கிடந்தது. அப்பா அதை எடுத்துத் துடைத்தார், சாக்குக்குள் வைத்தார், முடிச்சுப் போட்டார். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய பொய்க்குத் தோல் உரியும் என்று தெரியும். அடி விழட்டும், சீக்கிரம் விழட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டு என் முன்னால் வைத்தார். நான் ஒரு வாய் எடுத்த பிறகு, என்னைப் பார்க்காமல், முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் சாக்கத் தொறந்தப்ப நீ கண்ண மூடிக்கிட்ட. பாத்தேன்.”