அஜின்கோர்ட்டிலிருந்து அரசவைக்கு

மொன்றியலில் இருந்து ரொறன்ரோ ஏறக்குறைய ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். கணினி வலையமைப்புப் பார்க்கும் எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அக்கா கற்பிக்கும் பாடத்தை நிறுத்துவதா என்று அவளுடைய கல்லூரியில் கூட்டம். பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள். பழஞ்சீன இலக்கியத்தில் அரசியல் பேச்சுக்கலை என்பது பாடம். அவளுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பும் அதுதான்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், அக்காவின் வீட்டிலிருந்து காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். பக்கத்து வீட்டு அங்கிள் காரோட்டினார். ஷெப்பர்ட் வீதியில் சீன மருந்துக் கடை, தமிழ்க் கொத்துரொட்டிக் கடை, மறுபடி சீன பேக்கரி.

"சீன ராசாவுக்கு ஆர் புத்தி சொன்னவன் எண்டு இஞ்ச ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை படிப்பிக்குது. அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்கள்!" என்றார் அங்கிள்.

"இண்டையோட நிப்பாட்டிப் போடுவாங்கள். கவலைப்படாதேங்கோ," என்றாள் அக்கா.

"பகிடிக்குச் சொன்னனான் பிள்ளை. உந்த ராசாக்கள் கேட்டவங்களோ?"

நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றது. அக்கா அந்தப் பேச்சுக்கலையின் வரலாற்றைச் சொல்லச் சொல்ல, பழக்கதோஷத்தில் மனதுக்குள் இலக்கமிட்டுக்கொண்டேன். ஒன்று: ஆதியில் அமைச்சர்கள் வானத்தையும் முன்னோரையும் காட்டி அரசனை மிரட்டினார்கள், நீ தவறினால் வானம் ஆட்சியைப் பறிக்கும். இரண்டு: நாடு ஏழு இராச்சியங்களாகி மோதிக்கொண்டபோது, அரசவை அரசவையாக அலையும் பேச்சாளர்கள் வந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் பேசியது இலாபமும் நட்டமும். கதை சொல்லி அரசனைச் சிரிக்கவைத்து, சிரிப்பு அடங்குமுன் போரைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று: பேசுவதன் ஆபத்தைப் பற்றியே எழுதத் தொடங்கினார்கள். அரசன் மனதில் ஒளித்திருப்பதை அறியாமல் வாய் திறந்தால் தலை போகும்.

"ஒரு ராசா கேக்காட்டி?"

"அடுத்த ராசாட்டப் போவினம் அங்கிள். ஒரே சக்கரவர்த்தி வந்தாப் பிறகுதான் கரைச்சல். தட்ட வேற கதவில்லை. பிறகு எல்லாம் பணிஞ்சு எழுதிற விண்ணப்பந்தான்."

பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம். நான் பின்வரிசையில் இருந்தேன். செலவைக் குறைக்க, பாலத்தின் நடுப்பலகையை மட்டும் கழற்றி விற்ற ஒரு சிற்றரசனின் கதையோடு அக்கா தொடங்கினாள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் தன் பாடத்தால் கல்லூரிக்கு வரும் ஆதாயத்துக்குத் தாவினாள். கூட்டத் தலைவி கைதட்டினார். இந்த அறையில் இப்படியொரு பேச்சு கேட்டதில்லை என்றார். பிறகு, பாடத்தை நிறுத்தும் முடிவு போன கிழமையே எடுத்தாயிற்று என்றார்.

நாங்கள் வெளியே வந்ததும் தலைவி பின்னால் ஓடிவந்தார். பாடங்களை நிறுத்தும் இந்த மாற்றங்களை மற்ற ஊழியர்களுக்கு நயமாக எடுத்துச் சொல்ல, மேலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தர முடியுமா என்று அக்காவிடம் கேட்டார். அந்தப் பாலத்துக் கதையும் வேண்டுமாம். அக்கா பதில் சொல்லுமுன் நான் அங்கிளின் காரைத் தேடிப் போய்விட்டேன்.

காரில் ஏறியதும் அங்கிள் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, ராசா கேட்டவனோ?"

"கேட்டவ அங்கிள். வடிவாக் கேட்டவ."

"பயிற்சிக்கு என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டுட்டன். எனக்கு ஏழு ராச்சியமே இருக்கு, அடுத்ததுக்கு நடந்து போக?"

மாலை ஆறு மணிப் பேருந்தில் மொன்றியலுக்குத் திரும்பினேன். போன வசந்தத்தில் எங்கள் அலுவலகத்திலும் ஆட்குறைப்பு நடந்தது. மேலாளர் முதலில் ஒரு நாய்க்குட்டிக் கதை சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். அவருக்கும் யாரோ ஒருத்தி இரண்டு நாள் கற்பித்திருக்க வேண்டும்.